நேற்றைய படம்

அப்பா முப்பது ஆண்டுகள் கோலாலம்பூரில் டாக்சி ஓட்டியவர். ஜி.பி.எஸ். சொல்வதை மட்டும் நம்பி ஓட்டுபவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். "மேப் நேத்து போட்டது. ரோடு இன்னைக்கு உள்ளது" என்பார்.

கடந்த ஆண்டு அவர் பேச்சு தடுமாறத் தொடங்கியது. 'சாவி' என்று சொல்ல வாயெடுத்தால் 'சட்டை' வரும். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம், பேச்சுக்குரிய பகுதியை ஒட்டி ஒரு கட்டி.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் கணினித் திரையைக் காட்டி விளக்கினார். சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த படங்களை முப்பரிமாணமாக அடுக்குகிறார்கள். தலையை அசையாமல் நிறுத்தி, முகத்தின் மேடுபள்ளங்களை அந்தப் படத்தோடு பொருத்துகிறார்கள். பிறகு கருவியின் முனை எங்கே இருக்கிறது என்பதைத் திரை காட்டிக்கொண்டே இருக்கும். ஜி.பி.எஸ். போலத்தான்.

"அப்படியென்றால் தவறே வராதுதானே, டாக்டர்?" என்று கேட்டேன்.

"மண்டையோட்டைத் திறக்கும் வரை படம் மிகத் துல்லியம். திறந்ததும் மூளையைச் சுற்றியுள்ள நீர் வடியும், மூளை கொஞ்சம் இறங்கும். சில நேரம் 1 சென்டிமீட்டருக்கு மேலும் நகரும். படம் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்" என்றார். அதனால் இடையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்களாம். அப்பாவை விழிக்க வைத்துப் பேசவும் சொல்வார்களாம். மூளைக்கு வலி தெரியாது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா சிரித்தார். "டாக்டர்... நல்ல டிரைவர்" என்றார், திக்கித் திணறி.

அறுவை சிகிச்சையின்போது தமிழ் தெரிந்த தாதி ஒருவர் படங்களைக் காட்ட, அப்பா பெயர் சொல்லியிருக்கிறார். குடை, பூனை, நாற்காலி. ஓரிடத்தில் வார்த்தை வரவில்லை. மருத்துவர் அங்கேயே நிறுத்திவிட்டார். கட்டியில் ஒரு சிறு பகுதி உள்ளேயே இருக்கிறது.

தம்பிக்குக் கோபம். "மெஷின்ல இன்னும் இடம் இருக்குன்னு காட்டுச்சாமே, ஏன் முழுசா எடுக்கல?" என்றான். எனக்கும் சில நாள் அந்தக் கேள்வி இருந்தது. மீதியை எடுத்திருந்தால் அப்பாவின் பேச்சும் அதோடு போயிருக்கலாம் என்பது மெல்லத்தான் புரிந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் பயம்தான். போன வாரம் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று அப்பா கேட்டார்: "கார் சாவி எங்கம்மா?"