யானை எங்கே நிற்குது?

உங்கள் தெருவுக்குள் ஒரு யானை வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? 'ஃபாரஸ்ட்காரங்களுக்கு போன் போட்டு, பிடிச்சுட்டுப் போய் காட்டுல விடச் சொல்வேன்' என்பீர்கள். நியாயமான பதில்தான். என்ன, யானைக்கும் நடக்கத் தெரியும்!

சின்னத்தம்பியை ஞாபகம் இருக்கிறதா? 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கம் மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, டாப்ஸ்லிப் காட்டில் விட்டார்கள். சில நாளில் உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புத் தோட்டத்தில் ஹாயாக நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து முகாமில் அடைத்தார்கள். அரிக்கொம்பன் கதை இன்னும் மோசம். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் விட்டது கேரளா. மே கடைசியில் கம்பம் டவுன் தெருவில் ஓடியது. ஒரு மனித உயிரும் போனது.

நான் பி.காம். படித்தவன். ஒரு கிளையின் கடனை இன்னொரு கிளையின் பெயரில் எழுதினால் கடன் தீராது என்பது எனக்குத் தெரியும்.

அதற்காக, 'யானை மிதிச்சா மிதிக்கட்டும்' என்று விட முடியுமா? முடியாது. வால்பாறைக்குப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் காடு, நடுவில் சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் ஊரும். யானை இந்தப் பக்கக் காட்டிலிருந்து அந்தப் பக்கக் காட்டுக்குப் போக தேயிலைக்குள்தான் நடந்தாக வேண்டும். ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி எஸ்டேட் வீட்டுக்கு நடக்கிற தொழிலாளிக்கும் அதே பாதைதான். பனிமூட்டம், ஒரு வளைவு, எதிரே யானை. அங்கே நடந்த சாவுகளில் பெரும்பாலானவை யானை தேடி வந்து கொன்றவை அல்ல. அது நிற்பது தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவை.

அப்படியானால் தெரியப்படுத்தினால் போதுமே! நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்தகுமாரும் அவரோடு வேலை செய்தவர்களும் பிடித்தது இந்த நூலைத்தான். பகலில் யானைக்கூட்டம் எந்த ஆற்றோரச் சோலையில் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்துவைப்பது. சாயங்காலம் லோக்கல் கேபிள் டி.வி.யில் அடியில் ஓடவிடுவது. பிறகு, பக்கத்து எஸ்டேட்காரர்களின் செல்போனுக்குத் தமிழிலேயே எஸ்.எம்.எஸ். தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி சிவப்பு விளக்குகள் வேறு. செல்போனிலிருந்தே எரியவிடலாம். ராக்கெட் விஞ்ஞானமெல்லாம் இல்லை. 2015-ல் இதற்காக ஆனந்தகுமாருக்கு லண்டனில் விட்லி விருது கொடுத்தார்கள்.

விருதைவிட எனக்குப் பிடித்தது வேறு. கொஞ்ச நாளில் அந்த விளக்கை எஸ்டேட் ஜனங்களே போட ஆரம்பித்துவிட்டார்கள். 'இங்க நிக்குதுங்க' என்று அவர்களே போன் போட்டுச் சொல்கிறார்கள். வெடி வெடித்துத் துரத்தினால் கூட்டம் மிரண்டு அடுத்த எஸ்டேட்டுக்குள் பாயும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அங்கேயும் நம்ம அத்தை, மாமாதானே இருக்கிறார்கள்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். ரேஷன் கடை, சத்துணவுக்கூடத்துச் சுவர்களை யானைகள் இடிப்பது நிற்கவில்லை. அரிசி மூட்டை எங்கே இருக்கிறது என்று அவற்றுக்கு யாரும் எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டியதில்லை. காலையில் ஊர் கூடி வேடிக்கை பார்க்கிறது. அப்புறம் யாராவது எஸ்டிமேட் போட வருகிறார்கள்.