துறவி துறந்தது எது?

சென்ற விடுமுறையில் மருமக்கள் மூவரும் நம் இல்லத்து மேசையைச் சூழ்ந்து அமர்ந்து, நம்மையும் ஓர் ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டனர். 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்கரான கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் ஆக்கிய இவ்வாட்டம் 1974 இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று அதனை வளர்ப்பர். வெற்றியோ தோல்வியோ என ஐயம் எழுமிடத்து இருபது முகமுள்ள பகடை தீர்ப்புக் கூறும்.

நமது நரையைக் கண்டுதான் போலும், துறவி வேடத்தை நமக்கே தந்தனர். வலிமை, சுறுசுறுப்பு, உடலுரம், அறிவு, விவேகம், கவர்ச்சி என்னும் ஆறு பண்புகளுக்கும் 25 புள்ளிகளைப் பங்கிட வேண்டும். கவசம் அணியாத துறவிக்கு விவேகமே காவலாகும் என்பது விதி. ஆகவே அதனையே உயர்த்தினோம்.

அடுத்து வந்ததே சிக்கல். 2003 இல் வெளியான 'புக் ஒவ் எக்சோல்டட் டீட்ஸ்' என்னும் துணைநூலில் 'வறுமை விரதம்' என்றொன்று உண்டு. அதனை ஏற்றவன் சாதாரணக் கோலும் எளிய உடையும் ஒருநாள் உணவும் அன்றி வேறெதனையும் கொள்ளலாகாது. மாயப்பொருள் எதனையும் தன் கையால் பயன்படுத்தலாகாது. புதையலில் தனக்குரிய பங்கை ஏழைகளுக்கு ஈந்துவிட வேண்டும். கைம்மாறாக அவனது ஆற்றல் படிப்படியாகப் பெருகும். விரதம் தவறினாலோ, பெற்ற பேறுகள் யாவும் மீளாது போகும்.

"விரதத்தை எடுங்கோ, மாமா, நல்ல லாபம்" என்றான் இரண்டாமவன்.

'லாபம்' என்ற சொல் நெஞ்சை உறுத்தியது. வரவை எண்ணிச் செய்வது துறவா, வியாபாரமா? பொருளை வைத்திருந்து பிறர்க்கு உதவுவது அதனினும் மேலன்றோ? மாலை முழுதும் எண்ணிப் பார்த்தோம். ஈற்றில், உண்மையைச் சொன்னால், லாபத்தை நாடியே விரதம் பூண்டோம்.

மூன்றாம் நாள் ஆட்டத்தில் எம் கூட்டம் ஒரு குகையில் அகப்பட்டது. இரண்டாமவனின் வீரன் வாயிலில் நின்று பகைவரைத் தடுத்துக்கொண்டிருந்தான். சின்னவளின் வில்லாளி குற்றுயிராய் நம் காலடியில் கிடந்தாள். காயத்தைக் கட்ட முயன்றோம், பகடை கைவிட்டது. அவளது இடுப்புப் பையில் உயிர்காக்கும் மாயமருந்து ஒரு குப்பி இருந்தது. அதனை எடுத்துப் புகட்டக் கூடியவர் நாம் ஒருவரே.

"தொடாதையுங்கோ, மாமா! எல்லாம் போயிடும்" என்று கத்தினான் வீரன். கதை நடத்திய மூத்தவன் விதிநூலைப் புரட்டிப் பார்த்து, ஆம் எனத் தலையசைத்தான். சின்னவள் ஒன்றும் பேசவில்லை. நம் முகத்தையே பார்த்திருந்தாள்.

குப்பியை எடுத்துப் புகட்டினோம். வில்லாளி கண்விழித்தாள். நம் துறவி அக்கணமே விரதத்தின் பேறுகள் அனைத்தையும் இழந்தான்.

விடுமுறை முடியும்வரை அவ்வலுவிழந்த துறவியாகவே ஆடினோம். அடி வாங்கிய போதெல்லாம் சின்னவள் தன் வில்லாளியை நமக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்தினாள்.

பொன்னையும் பொருளையும் விட்டபோது நாம் வியாபாரியாகவே இருந்தோம். அவ்வாறு விட்டதனால் வந்த பயனையும் ஒரு குழந்தையின் பொருட்டு விட்ட அன்றுதான் துறவின் பொருள் நமக்கு ஒருசிறிது விளங்கிற்று.