தலைக்குமேல் தொங்கும் பாரம்

தலையெழுத்து என்னும் சொல் நம்மவர்க்கு மிகவும் சௌகரியமானது. மேலிருந்து இரும்பு விழுந்து ஒருவன் மாண்டால், வடத்தைச் சோதியாதவன் யார் என்று கேட்பாரில்லை. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி கோலாலம்பூர் ராஜா சூலான் சாலையில், கட்டட வேலைத்தலத்துப் பாரந்தூக்கியின் கொக்கி ஒரு மோட்டாரின்மேல் விழுந்து, அதிலிருந்த இளம்பெண் உயிரிழந்தாள். இதிலே விதிக்கு என்ன வேலை?

நிற்க. நாம் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்த்து வருகிறோம். செம்பனை ஆலையை விஸ்தரித்த காலத்தில், ஒருநாள் பட்டியலும் கையுமாக வேலைத்தலத்திற்குள் நுழைந்தோம். தொங்கும் பாரத்தின் கீழ் நிற்கலாகாது என்ற ஆங்கிலப் பலகையை வாசித்துவிட்டுத்தான் நுழைந்தோம். தலையிற் கவசம் இருக்கிறதே என்ற தைரியம்! மேலே இரும்பு உத்தரமொன்று இரு வடங்களில் தொங்கிற்று.

"கிராணி ஐயா, நில்லுங்க!" என்று லயத்துப் பையனொருவன் கத்தி, கையை உயர்த்தி வேலையையே நிறுத்திவிட்டான். நாம் கோபத்தோடு பின்வாங்கினோம். அடுத்த கணமே ஒரு வடம் அறுந்து, நாம் நடக்கவிருந்த இடத்தில் உத்தரத்தின் முனை குத்தி நின்றது.

வடங்களை மிக அகல விரித்துக் கட்டியிருந்தார்கள். பால்வாளியை இருவர் பிடித்துத் தூக்கும்போது, விலகி நடந்தால் கை கனப்பதைத் தோட்டத்தில் அறியாதார் யார்? இரு வடங்களுக்கும் இடையே கோணம் 120 பாகையானால், ஒரு டன் பாரத்திற்கு ஒவ்வொரு வடமும் முழு ஒரு டன் இழுப்பைத் தாங்க வேண்டும். சிறு ஆணி விழுந்தால் காக்கும் கவசம் உத்தரத்தின் முன் என்ன செய்யும்? பாரம் ஆடிச் சரிந்தாலும் எட்டாத தூரத்தில் நிற்பதே காவல்.

அன்று மாலை, வேலையை நிறுத்திய குற்றத்திற்காகப் பையனுக்கு அரைநாட் கூலி வெட்டப்பட்டது. செக்ரோலில் அதை எழுதிய கை நம்முடையதே. வாய் திறந்தோமில்லை.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் அமலிலிருக்கிறது. உடனடி ஆபத்தென்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிடில் விலகிக்கொள்ளலாம். அதற்காக அவனைத் தண்டிக்கலாகாது என்கிறது அதன் 26ஏ பிரிவு. அதைத் தமிழில் எழுதிப் பெரட்டுக்களத்தில் வாசித்தோம். பிறகு அந்த அரைநாட் கூலியை நம் கையிலிருந்து கொடுக்கப் போனோம். பையன் வாங்கவில்லை.

"செக்ரோல்ல எழுதுங்க ஐயா" என்றான்.

மேலிடத்திற்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.