பார்த்துச் சொல்ல ஒரு ஆள்

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, ஸ்போகேன் நகரத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் சேனி என்ற சிற்றூர் வந்துவிடும். சுற்றிலும் கோதுமை வயல்கள். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அங்கிருக்கும் ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகம். அதன் அரங்கில் 2010-ல் சிவப்பு நிறச் செயற்கைத் தரை விரித்தார்கள். செப்டம்பர் பிறந்தால் சனிக்கிழமைகளில் ஊர் முழுக்க அங்கேதான் இருக்கும். ஓசூரிலிருந்து வேலைக்காக இந்தப் பக்கம் வந்த எனக்கு இந்த நாட்டின் மனசைக் காட்டிக் கொடுத்தது, அலுவலகத்தைவிட அந்தச் சிவப்புத் தரைதான்.

அமெரிக்கக் கால்பந்தை எனக்குக் கற்றுத் தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். உயர்நிலைப் பள்ளிகளில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டத்தில் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். அவர் என்னை வைட் ரிசீவரைப் பார்க்கச் சொன்னார். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர் வைட் ரிசீவர். அவர் எத்தனை அடி ஓடி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது முன்பே பேசி வைத்த பாதை. அவர் திரும்புவதற்குள்ளேயே பந்து கையைவிட்டுக் கிளம்பியிருக்கும். எதிரணிக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே ஓடி வருவார். அவரை ஏமாற்றி இரண்டடி இடைவெளி உண்டாக்குவதில்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறது.

இந்த இரண்டடியைக் கணிப்பதற்கென்றே ஸ்கவுட்டுகள் என்று ஒரு வர்க்கம் உண்டு. தொழில்முறை அணிகள் சம்பளம் கொடுத்து அவர்களைக் கல்லூரி கல்லூரியாக அனுப்புகின்றன. கோட்டிலிருந்து கிளம்பும் முதல் அடி எப்படி, திரும்பப் போவதைத் தோள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதா, பந்தை விரல்களால் வாங்குகிறானா மார்பில் அணைக்கிறானா, பிடித்த பிறகு எத்தனை கஜம் ஓடுகிறான், பந்து தன்னிடம் வராத நேரத்தில் கூட்டாளிக்காக எதிரியைத் தடுக்கிறானா என்று ஒவ்வொன்றும் தாளில் ஏறும். ஒரு பக்கம் நிறை, மறு பக்கம் குறை. ஒளிவு மறைவு கிடையாது.

அந்தத் தாள் எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று புரிந்துகொள்ள சேனியிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. கூப்பர் கப். யாக்கிமா ஊர்ப் பையன். தாத்தாவும் தந்தையும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். அப்படியிருந்தும் பள்ளி முடிகிற நேரத்தில் உதவித்தொகையோடு அவரை அழைத்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள்: ஈஸ்டர்ன் வாஷிங்டன், ஐடஹோ ஸ்டேட். இரண்டும் கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் தட்டில் இருப்பவை. சேனியில் அவர் நான்கு பருவங்கள் ஆடி 428 பந்துகளைப் பிடித்தார்; 6,464 கஜம், 73 டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது). அந்தப் பிரிவின் சாதனைகள் அவை.

2017-ல் தொழில்முறை அணிகளின் தேர்வு வந்தபோது அவர் தாளின் குறைப் பக்கம் நிரம்பியிருந்தது. வேகம் போதாது. வயது 24-ஐ நெருங்குகிறது. ஆடியதெல்லாம் சின்ன அணிகளோடு. நிறைப் பக்கத்தில் பாதைகளைத் துல்லியமாக ஓடுவது, கைகளின் நம்பகம், ஆட்ட அறிவு. இண்டியானாபோலிஸில் நடக்கும் உடல்திறன் சோதனையில் 40 கஜம், அதாவது முப்பத்தாறரை மீட்டர் ஓட வேண்டும். கப் 4.62 வினாடி எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு, அதே மாநிலத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து அதே இடத்துக்கு ஆடும் ஜான் ராஸ் 4.22 வினாடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார். ஒருவர் கோட்டைத் தொடும்போது மற்றவர் மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் இருப்பார் என்று கணக்கு. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி ராஸை 9-வது ஆளாக எடுத்தது. கப்பை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 69-வது ஆளாக எடுத்தது.

ராஸை அடுத்தடுத்த காயங்கள் வாட்டின. முதல் பருவத்தில் ஒரு பந்துகூடப் பிடிக்க வாய்க்கவில்லை. கப் 2018-ல் முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியை இழந்தார். திரும்பி வந்து 2021 பருவத்தில் 145 பந்துகள், 1,947 கஜம், 16 டச் டவுன் என மூன்று பட்டியலிலும் முதலிடம் பிடித்தார். 2022 பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் போலில், அதே பெங்கால்ஸ் அணிக்கு எதிராக, கடைசி ஒன்றரை நிமிடம் இருக்கும்போது வெற்றிக்கான பந்தைப் பிடித்தவரும் அவர்தான். அன்றைய ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே.

இதைக் கேட்டவுடன் ஸ்கவுட்டுகளுக்குக் கண் இல்லை என்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் சொன்னேன். பெரியவர் தலையாட்டவில்லை. "வேகம் இல்லையென்று அவர்கள் எழுதியது உண்மைதான். சின்ன அணிகளோடு ஆடினான் என்பதற்குத்தான் பதில் அவர்கள் கண்முன்னே இருந்தது" என்றார். கப் கல்லூரிக் காலத்தில் நான்கு முறை பெரிய பிரிவு அணிகளை எதிர்கொண்டார்: 2013-ல் ஆரிகன் ஸ்டேட், 2014-ல் வாஷிங்டன், 2015-ல் ஆரிகன், 2016-ல் வாஷிங்டன் ஸ்டேட். நான்கு ஆட்டத்திலும் சேர்த்து 40 பந்துகள், 716 கஜம், 11 டச் டவுன். முதல் ஆட்டத்திலும் கடைசி ஆட்டத்திலும் சேனியின் சின்ன அணியே ஜெயித்தது. ஒரு குறையைச் சரியாகவும் இன்னொன்றைத் தவறாகவும் எழுதிய தாள் அது. ஆனால் எழுதியவர்கள் அவர் ஆட்டத்தைப் பார்த்திருந்தார்கள். 69-வது இடத்திலாவது ஒருவர் கை நீட்டினார் என்றால், சேனி வரைக்கும் யாரோ வந்து பார்த்ததால்தான்.

இந்த நாட்டு அலுவலகங்களில் ஆண்டுக்கொரு முறை உட்கார வைத்து, நீ இதில் நல்லவன், இதில் தேற வேண்டும் என்று எழுத்தில் கொடுப்பார்கள். வந்த புதிதில் அந்தத் தாளின் இரண்டாம் பாதியைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறேன். குறை என்பது நம் ஊரில் நாலு பேர் முன்னால் சொல்லப்படுவது. வீட்டுக்கு வரும்போது தலை குனிந்துதான் வருவோம். ரேங்க் அட்டையில் அப்பாவின் கையெழுத்து வாங்கிய பிள்ளைகளுக்கு இது புரியும். கப்பின் தாளைப் படித்துப் படித்துத்தான், கூர்ந்து பார்த்தவர் எழுதும் குறை ஒருவகை மரியாதை என்று எனக்குப் பிடிபட்டது. உன்னைப் பொருட்படுத்தாதவன் உன் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிக்க மாட்டான்.

இப்படிப் பார்க்கும் கண் நம் ஊரிலும் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் தை பிறந்தால் எருது விடும் விழா. இருபுறமும் தடுப்புக் கட்டிய பாதையில் காளையை அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். எங்கள் பெரியப்பாவைக் கன்று பார்க்க ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். குளம்பைத் தட்டுவார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். "ஓட்டம் நல்லா இருக்குது. ஆனா கூட்டம் பாத்தா மிரளும். மேளம் அடிக்கற எடத்துல தெனம் கட்டிப் பழக்கு, அடுத்த தைக்கு விடலாம்" என்பார். நிறை, குறை, அதற்குமேல் மூன்றாவதாக ஒன்று: இனி என்ன செய்ய வேண்டும். ஸ்கவுட்டின் தாளில் இரண்டு பக்கம்தான். பெரியப்பாவிடம் மூன்று இருந்தன. கன்றுக்குக் கிடைத்த அந்த மூன்றாவது, ஊர்ப் பிள்ளைகளில் பலருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஓசூர் வளர்ந்த வேகத்தை நான் கண்ணால் பார்த்தவன். 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டமானது. 2019-ல் ஓசூர் மாநகராட்சியானது. 2021-ல் போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசும் ஊர். அந்தத் தெருக்களில் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன்மாரோடு டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எங்களில் ஒருவன் கபடியில் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இடுப்பை வளைக்கும் விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எந்த வைட் ரிசீவரின் திருப்பத்துக்கும் குறைந்ததல்ல அது. அவனைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. ஐ.டி.ஐ. முடித்தான், ஆலைக்குப் போனான், நல்லபடியாக இருக்கிறான். அவன் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்பதைச் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

எல்லை ஊர் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி; கர்நாடகம். பெங்களூரின் சின்னசாமி அரங்கம் 40 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. சேப்பாக்கம் 300 கிலோமீட்டர். பயிற்சி பெங்களூரில் கிடைக்கும். ஆனால் பையனின் முகவரி தமிழ்நாடு. தமிழ்நாட்டில் கிரிக்கெட்டுக்கான ஏணி சென்னை லீக் போட்டிகளில்தான் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த லீக்கைத் தாங்குபவை பெரும்பாலும் நிறுவனங்களின் அணிகள். ஆலைகள் நிறைந்த ஊரில் பிறந்தும், ஆலைகள் நடத்தும் அணியில் சேர ரயிலேற வேண்டும்.

அப்படி ரயிலேறிப் போனவர்களில் நம் பகுதிக்கு நெருக்கமானவர் கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜன். தருமபுரியைத் தாண்டினால் சேலம் மாவட்டம், அங்கே சின்னப்பம்பட்டி. அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கடை போட்டவர். டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையனை உள்ளூர்க்காரரான ஜெயப்பிரகாஷ் பார்த்தார். சென்னைக்கு வழி காட்டினார். நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல்., பிறகு விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி ரஞ்சி வரை போனார்.

2015-ல் ரஞ்சியில் கால் வைத்ததுமே பந்துவீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. ஒரு பந்துவீச்சாளருக்கு இதைவிடப் பெரிய குறை எழுத முடியாது. அந்த இடத்திலேயே ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். நடராஜனுக்குப் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். கையைத் திருத்திக்கொண்டு 2016-ல் டி.என்.பி.எல்.-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக இறங்கினார். சூப்பர் ஓவரில் ஆறு பந்தையும் யார்க்கராக வீசினார். டென்னிஸ் பந்துத் தெரு கொடுத்த நிறை அது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். அடுத்து நீண்ட காத்திருப்பு. 2020-ல் 16 விக்கெட். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார்.

ஐ.பி.எல். சட்டையின் முதுகில் அவர் போட்டுக்கொண்ட பெயர் ஜே.பி. நட்டு. ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ். பார்த்துச் சொன்ன ஆளைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர், ஊரில் சும்மா இருக்கவில்லை. அவர் வழிகாட்டிய சேலத்துப் பையன் பெரியசாமி 2019 டி.என்.பி.எல். இறுதிப் போட்டியில் 5 விக்கெட் எடுத்தார். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலேயே நடராஜன் மைதானம் கட்டித் திறந்தார். சேனிக்கு ஸ்கவுட் வருவதற்கு ஒரு பெரிய தொழிலே பின்னால் இருக்கிறது. சின்னப்பம்பட்டிக்கு அதையெல்லாம் ஒரு தனிமனிதரின் அக்கறை செய்தது. அக்கறை எல்லா ஊரிலும் தானாக முளைக்காது என்பதால்தான் அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

அமெரிக்க ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காதவையும் உண்டு. இந்த ஆட்டம் தலைக்காயங்களால் மூளையைச் சிதைக்கிறது என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. அரங்கை நிரப்பிய கல்லூரிப் பையன்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் ஈட்ட 2021 ஜூலை வரை அனுமதியே இல்லை. பிள்ளைகளை அங்குலம் அங்குலமாக அளந்து எடுத்துக்கொண்டு, முழங்கால் போனதும் விட்டுவிடும் கடுமையும் இதில் இருக்கிறது. அத்தனை புகழ் கொண்ட கப்பையே 2025 மார்ச்சில் ராம்ஸ் விடுவித்தது. சியாட்டில் அணி எடுத்துக்கொண்டதால் சொந்த மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார். இதையெல்லாம் இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. பார்க்கிற பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆலைகள் நடத்துபவர்களிடமும், என்னைப் போல வெளிநாட்டிலிருந்து கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பள்ளி விழாவுக்கும் பணம் அனுப்புகிறவர்களிடமும் நான் கேட்பது இதுதான். கோப்பைக்கும் மேடைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை ஆளுக்குச் செலவிடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, பர்கூர் என்று ஒவ்வொரு பக்கமும் விளையாட்டுத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள்! அவர்கள் அரசுப் பள்ளி மைதானங்களுக்குப் போய் மாலை முழுக்க நிற்கட்டும். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தையும் அதே கவனத்தோடு பார்க்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் எழுதட்டும்: இது உன் பலம், இது உன் குறை, இதை இப்படிச் சரிசெய், இந்த மாதம் இந்த ஊருக்குப் போய் இவரைப் பார்.

அவர்கள் எல்லோரும் நடராஜன் ஆகப் போவதில்லை. பெரும்பாலோர் ஆலைக்கே போவார்கள். போகட்டும், அதுவும் கௌரவமான வாழ்க்கைதான். ஆனால் தன்னை ஒருவர் கூர்ந்து பார்த்து, மறைக்காமல் எழுதி, வழியும் சொன்னார் என்ற நினைவோடு போவார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்குக் குறையைக் கேட்டுத் தலை குனிய வேண்டியதில்லை. அதை எப்படித் திருத்துவது என்று நிமிர்ந்து கேட்கத் தெரியும். அடுத்த பிள்ளையைப் பார்த்துச் சொல்லவும் தெரியும்.