ஹீரன் தெருவில் அம்மாவோடு

மலாக்கா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி துன் டான் செங் லோக் சாலைக்குள் திரும்பியதும் அம்மா நின்றுவிட்டார். “பெரிய வீடுன்னு சொன்னியேய்யா, இது கடை வரிசை மாதிரில்ல இருக்கு?”

டச்சுக்காரர்கள் காலத்தில் ஹீரன் தெரு, அதாவது பெரிய மனிதர்கள் தெரு, என்று பெயர் வாங்கிய இடம் இது. இங்கே வீடுகளின் முகப்பு ஒடுக்கம். உள்ளே போகப் போக நீளம். நாங்கள் பார்க்க வந்த, இங்கே தலைமுறைகளாக வேரூன்றிய சீனர்களின் பாபா நியோன்யா மரபு அருங்காட்சியகமும் அப்படித்தான். 1861இல் சான் குடும்பம் இந்த வீட்டை வாங்கியது. நான்கு தலைமுறை வாழ்ந்த பிறகு, 1980களில் குடும்பத்தாரே இதை மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள்.

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர் அம்மா. இந்தத் தெருவுக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் முறை.

முன்கூடத்தில் சிப்பி பதித்த கருமர நாற்காலிகள். அவற்றுக்குப் பின்னால் செதுக்கு வேலை நிறைந்த மரத்தடுப்பு. வெளி ஆண்கள் வந்தால் வீட்டுப் பெண்கள் அதற்கு இந்தப் பக்கம் வரமாட்டார்கள். மாடித் தரையில் சின்னதாக ஒரு துவாரம் உண்டு. வாசலில் நிற்பது யார் என்று மேலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மாடி ஏறியதும் அம்மா குனிந்து அதில் கண்ணை வைத்துப் பார்த்தார். “பாவம், இந்தப் பொண்ணுங்களுக்கு வெளி உலகம் இவ்வளவுதானா?” என்றார். விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, இருட்டில் தனியாக மர நிரையில் இறங்கி வேலை செய்தவரின் கேள்வி அது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

படிக்கட்டில் தங்க ரேக்கு மின்னுகிறது. படியேறி முடியும் இடத்தில் ஒரு கதவு. இரவில் அதை மூடிப் பூட்டிவிட்டால் மாடிக்கு யாரும் வரமுடியாது. எனக்கு மிகவும் பிடித்தது முற்றம். மேலே கூரை இல்லை. வெயிலும் மழையும் நேராக வீட்டுக்குள் இறங்குகின்றன. நெருக்கமான தெருவில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் செய்துகொண்ட வழி. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த வீட்டின் தோட்டம் என்றால் முற்றத்துத் தொட்டிச் செடிகள்தான். அம்மா ஒரு தொட்டி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, “தண்ணி பத்தல” என்றார்.

அவர் அதிக நேரம் நின்றது கடைசியில் இருந்த அடுப்பங்கரையில். விறகடுப்பு, பலகார அச்சுகள், அரைக்கல். “நம்ம அம்மிதான்யா இது!” முன்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், இங்கே வந்ததும் தன் வீட்டுக்கு வந்ததுபோல் பேச ஆரம்பித்தார்.

இந்த வீட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு மரம் இருக்கிறது. சான் குடும்பம் வீட்டை வாங்கியபோது மலாயாவில் ரப்பர் கிடையாது. பிரேசில் விதைகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், மறு வருடம் கன்றுகளாகச் சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வெட்டு முறையை 1890களில் வகுத்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. அவர் பேச்சை நம்பி 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டவர் பாபா வணிகர் டான் சாய் யான். இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசகான், பிறகு மாநிலம் முழுதும். சான் குடும்பமும் ரப்பர் தோட்டம் வைத்திருந்தது. தெருவுக்குப் பெயர் தந்த டான் செங் லோக்கும் தோட்ட நிர்வாகத்தில் வேலை பார்த்தவர்தான். அந்த மரங்களில் பால் வெட்ட, ஆள் சேர்க்கும் கங்காணிகள் கூட்டிவந்தது எங்கள் பாட்டன் பூட்டன்மாரை.

டான் சாய் யான் பெயரில் ஓர் ஆர்க்கிட் மலர்கூட இருக்கிறது. அவர் மகன் உருவாக்கிய மலர் அது. தகுதியான மரியாதைதான். சான் குடும்பம் தன் வீட்டைக் காத்து வைத்திருப்பதையும் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் நாங்கள் வளர்ந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, இன்று இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அதை இடித்துவிட்டார்கள். வாசலில் கனகாம்பரமும் துளசியும், பின்கட்டில் முருங்கையும் கறிவேப்பிலையும் அம்மா வைத்திருந்தார். அதுவும் ஒரு தோட்டம்தான். மலாக்காவில் ஒரு லயத்து வீட்டை அதன் அடுப்போடும் செடிகொடியோடும் காப்பாற்றி வைத்திருப்பதை இதுவரை நான் பார்த்ததில்லை.

நம்மால் முடியாதது இல்லை என்பதற்கு மலாக்காவிலேயே சான்று உண்டு. அருங்காட்சியகத்திலிருந்து பொற்கொல்லர் தெருவுக்கு நடந்து, 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலில் கும்பிட்டோம். மலாக்கா செட்டிகள் எழுப்பிய கோயில் அது. சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வாரிசுகள் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். ஆனால் சைவத்தை விடவில்லை, முன்னோர் படையலை விடவில்லை. எண்ணிக்கையில் சிறிய கூட்டம். ஆனாலும் அவர்களுக்குக் காஜா பெராங்கில் சொந்தமாக ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

வீடு திரும்பியதும் அம்மா பரண்மேலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கச் சொன்னார். உள்ளே அவருடைய பால் வெட்டும் உளி, பால் பிடிக்கும் மங்கு இரண்டு, ஒரு பழைய சம்பளச் சீட்டு. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது கிடக்கும். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எந்தத் தோட்டம், யாருடையது, எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள்.