கொட்டிலில் பிறந்தவருக்குக் கடன் வாங்கியா விழா?

கார்த்திகை முடிவதற்குள் நம் ஆலயங்களில் திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்பட்டுவிடுகிறது. பீடத்தில் ஊதா நிறம், பாடல்களில் ஏக்கம், மறையுரைகளில் விழிப்பாயிருக்கும்படி அழைப்பு. ஆனால் அதே நாள்களில் நம் இல்லங்களில் எழும் பேச்சு வேறு. "இந்த ஆண்டு துணிமணிக்கு என்ன செய்வது? பலகாரத்துக்கு எங்கே போவது? மகளும் மருமகனும் வருகிறார்களே, வெறுங்கையோடு அனுப்புவதா?" மீட்பரின் வருகைக்காக ஏங்க வேண்டிய நான்கு வாரங்கள், பணத்தின் வருகைக்காக ஏங்கும் நான்கு வாரங்களாகிவிடுகின்றன. பங்குப் பணியில் கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட நாம் இதனை ஆண்டுதோறும் கண்டு வருகிறோம்.

இதற்காக மக்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பருவமே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. சம்பாப் பயிர் இன்னும் வயலில் நிற்கும். அறுவடைக் கூலி கைக்கு வராது. வடகிழக்குப் பருவ மழையில் உப்பளங்கள் நீருக்குள் கிடக்கும். புயல் கூண்டு ஏற்றப்பட்டால் மீனவர் கடலுக்குள் போக இயலாது. பனையேறுவோரின் பருவமோ எப்போதோ முடிந்திருக்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது உண்மையே. ஆனால் பாலன் தைக்கு முன்னரே பிறந்துவிடுகிறாரே! கையில் காசு மிகக் குறைந்திருக்கும் நேரத்தில்தான் செலவு மிகுந்த விழா வாயிலில் வந்து நிற்கிறது.

அப்போது பலர் தேடிப் போகும் வழி கடன். தாயின் காதிலிருக்கும் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. கம்மலும் இல்லாதவர் பத்து வட்டிக்காரரிடம் போகிறார். கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 10,000 ரூபாயை மாதம் நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்குபவர் மாதந்தோறும் 1,000 ரூபாய் வட்டி கட்டுகிறார். அடுத்த கிறிஸ்து பிறப்பு வருவதற்குள் 12,000 ரூபாய் வட்டியாகவே கரைந்துவிடும். அசல் பத்தாயிரமோ அசையாமல் நிற்கும். பலகாரம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. பிள்ளையின் சட்டை சிறுத்துவிட்டது. கடன் மட்டும் சிறுக்கவில்லை. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் கேட்ட நேரத்தில் கொடுப்பவர் அவர்தாம் என்று ஏழைகள் அவர் வாயிலுக்கே செல்கின்றனர். கடன்காரர் வந்து நிற்கும் வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கடிந்துகொள்வதையும், படிக்கிற பையன் வேலைக்கு அனுப்பப்படுவதையும் நாம் நேரில் அறிவோம். சமாதானத்தின் அரசருக்கு எடுத்த விழா, வீட்டின் சமாதானத்தைக் குலைத்துவிடுகிறது!

அன்பர்களே, யாருடைய பிறந்த நாளை நாம் கொண்டாடுகிறோம்? தமது இல்லத்தில் தொட்டில் கட்ட வழியின்றி, பயணத்தில், விடுதியில் இடங்கிடைக்காத நிலையில், கால்நடைகளின் தீவனத் தொட்டியில் தம் மகனைக் கிடத்திய பெற்றோரின் பிள்ளை அவர். நாற்பது நாள்களுக்குப் பின் அவரை ஆலயத்தில் காணிக்கையாக்கியபோது அவர்கள் கொண்டு சென்றது ஆட்டுக்குட்டி அன்று. ஆட்டுக்குட்டிக்கு வசதியற்றோருக்கென்று மோசேயின் சட்டம் அனுமதித்த இரண்டு பறவைகள். அந்தத் தச்சர் கடன் வாங்கியாவது ஆட்டுக்குட்டி கொண்டு போயிருக்கலாமே! போகவில்லை. தம்மால் இயன்றதைத் தலைநிமிர்ந்து கொண்டுபோனார். கடவுளும் அதனை ஏற்றுக்கொண்டார். காப்பியத் தலைவர் என்றாலே மன்னர்களைத் தேடும் வழக்கமுள்ள இலக்கிய உலகில், 1726-இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணி இந்தச் சூசையப்பரையே பாட்டுடைத் தலைவராய்க் கொண்டது. அவருடைய பெருமை அவர் உழைத்த கையில் இருந்தது.

நாம் இன்று ஜோடிக்கும் குடிலின் வரலாறும் இதையே சொல்கிறது. 1223-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகர் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது அங்கே மின்விளக்கும் இல்லை; விலையுயர்ந்த சுரூபங்களும் இல்லை. வைக்கோல் நிரம்பிய ஒரு தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவே. குழந்தை இயேசு பட்ட வறுமையைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய ஆவல். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாள் அதே கிரேச்சோவுக்குச் சென்று, இல்லந்தோறும் குடில் அமைக்கும் நல்வழக்கத்தைக் கைவிடாதிருக்குமாறு திருமடல் ஒன்றில் கையொப்பமிட்டார். வறுமையைக் காட்டுவதற்கென்று தோன்றிய குடிலை, வசதியைக் காட்டுவதற்கென்று நாம் மாற்றிவிடலாமா?

தென் மாவட்டக் கிராமப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றியபோது நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்று பாடும் சிறுமி ஒருத்தி நள்ளிரவுத் திருப்பலிக்கு வரவில்லை. காய்ச்சலோ என்று எண்ணி மறுநாள் அவள் வீட்டுக்குப் போனோம். தாய் வாசலிலேயே நின்றுகொண்டு, "புதுத்துணி எடுக்க முடியல, சாமி. எல்லாப் பிள்ளைகளும் புதுசு போட்டு வரும்போது இவ மட்டும் பழசோட எப்படி முன்னால நிப்பா? அதான் வரமாட்டேன்னுட்டா" என்று தலைகுனிந்தார். தகப்பனார் கொல்லைப்புறத்திலிருந்து வெளியே வரவே இல்லை. ஏழையாய்ப் பிறந்தவரின் விழாவுக்கு, ஏழை என்பதாலேயே ஒரு குடும்பம் வராமற்போயிற்று!

அடுத்த திருவருகைக் காலத்தில் பங்குப் பேரவையில் இதனைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்துரைத்தோம். ஒருவர் எழுந்து, "ஆண்டுக்கு ஒரு நாள், சாமி. அதிலுமா பிள்ளைகளுக்குப் புதுத்துணி கூடாது?" என்றார். நியாயமான கேள்விதான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் விடை சொன்னார்: "கூடாது என்று யார் சொன்னது? நடுச்சாமப் பூசைக்கு நானும் என் வீட்டாரும் துவைத்த துணியில் வருகிறோம். புதியதை மறுநாள் வீட்டில் உடுத்திக்கொள்கிறோம். அப்படிச் செய்தால், எந்த வீட்டில் துணி எடுத்தார்கள், எந்த வீட்டில் எடுக்கவில்லை என்பது கோயிலுக்குள் யாருக்கும் தெரியாதல்லவா?" அவையில் சிறிது நேரம் பேச்சில்லை. அவ்வாண்டு நள்ளிரவில் ஊரின் வசதியான குடும்பங்கள் பலவும் வெளுத்த வேட்டியிலும் பழஞ்சேலையிலும் வந்தன. அச்சிறுமி பள்ளிச் சீருடையில் முன்வரிசையில் நின்று பாடினாள். அவள் தந்தை, தூணோரமாகவேனும், ஆலயத்துக்குள் நின்றிருந்தார்.

இனி, இல்லங்களில் செய்யத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, திருவருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே குடும்பமாய் அமருங்கள். கையிருப்பு இவ்வளவு, விழாவுக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று அஞ்ச வேண்டாம். பெற்றோர் ஒளிப்பதைக் காட்டிலும் பகிர்வதையே பிள்ளைகள் எளிதில் தாங்குகிறார்கள். நம் இளமையில் வீட்டில் பிள்ளைகள் அறுவர். நம் தாயார் ஒரே பூப்போட்ட சீட்டித் துணியாக எடுத்து, ஆண்களுக்குச் சட்டையும் பெண்களுக்குப் பாவாடையும் தைக்கக் கொடுத்துவிடுவார். அறுவரும் வரிசையாய்க் கோயிலுக்குள் நுழைந்தால் ஊரார் சிரிப்பார்கள். நாமும் சேர்ந்து சிரிப்போம். துணியின் விலை இன்று நினைவில்லை. அந்தச் சிரிப்பு நினைவிலிருக்கிறது.

இரண்டாவது, குடிலைக் கடையில் வாங்காதீர்கள், கையால் செய்யுங்கள். களிமண், வைக்கோல், ஆற்று மணல் இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. விழாவுக்குப் பத்து நாள்களுக்கு முன் பழைய தட்டுகளில் மண்ணிட்டுக் கேழ்வரகை விதைத்து நீர் தெளித்து வரப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாலனைச் சுற்றிப் பசும்புல் தானே எழும். மூங்கில் சிம்பும் வண்ணத் தாளும் கொண்டு தந்தையும் மகனும் கட்டும் விண்மீனுக்கு எந்தக் கடை விளக்கும் ஈடாகாது.

மூன்றாவது, பலகாரத்தைத் தனித்தனியே சுடாமல் நாலு வீட்டார் சேர்ந்து சுடுங்கள். ஒருவர் வீட்டு அச்சு, ஒருவர் வீட்டு மாவு, ஒருவர் வீட்டு எண்ணெய் என்று அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்தால் செலவு பகிர்ந்துபோகும், பகையும் கரைந்துபோகும். அன்பியம் என்று மாதந்தோறும் கூடுகிறோமே, அது அடுப்படியிலும் நடக்கட்டும்.

நான்காவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. திருச்சபை நமக்கு அளிப்பது எட்டு நாள் விழா. கிறிஸ்து பிறப்புக் காலமோ ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. இறைச்சியும் விருந்தும் ஒரு நாள்; உறவினர் வீடு செல்வது வேறொரு நாள்; மகளை அழைப்பது புத்தாண்டன்று. ஞானியர் கொண்டுவந்த பரிசுகளும் பிறந்த இரவிலேயே வந்து சேர்ந்துவிடவில்லை.

ஐந்தாவது, குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். பாலனின் பெயரால் பாட்டிலைத் திறக்காதீர்கள். துணிக்குப் பணமில்லை என்று சொல்லும் வீட்டில் மதுவுக்கு மட்டும் பணம் இருந்தால், அந்தக் கணக்கைப் பிள்ளைகள் ஒருநாளும் மறப்பதில்லை.

ஆறாவது, அடுத்த விழாவுக்கு ஜனவரியிலேயே ஆயத்தம் செய்யுங்கள். வாரம் 100 ரூபாய் எடுத்துவைத்தால் 52 வாரத்தில் 5,200 ரூபாய். அதனை முகந்தெரியாத சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பின்னர் அழாமல், அஞ்சலகத்திலோ வங்கியிலோ மகளிர் குழுவிலோ சேமியுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். வருவாய் சிறிதாயினும் செலவு பெருகாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் காட்டிய நெறி.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கஞ்சன் தனக்கும் செலவிடான், பிறருக்கும் கொடான். சிக்கனமுள்ளவரோ தமக்குக் குறைத்துக்கொண்டு பிறருக்கு ஒரு பங்கு ஒதுக்குவார். ஆகவே உங்கள் தாளில் கடைசி வரி ஒன்றை மறவாதீர்கள்: கணவனை இழந்தவரோ, வேலையிழந்தவரோ, அடுத்த தெருவில் எவரேனும் ஒருவருக்கு ஓர் இலைச் சோறு. அவர் எந்தச் சமயத்தவராயினும் சரியே. பெத்லகேம் என்னும் சொல்லுக்கு எபிரேய மொழியில் அப்பத்தின் வீடு என்பது பொருள். உண்ண வருபவருக்கு இடமிருக்கும் வீடே இன்றைய பெத்லகேம்.

இவ்வாண்டு உங்கள் இல்லத்தில் எது குறைந்தாலும் குறையட்டும்; கடன்காரருக்கு அஞ்சிக் கதவை அடைக்கும் நிலை மட்டும் வேண்டாம். நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் உழைப்பையும் உலைப்பானையையும் ஆசீர்வதிப்பதாக!