ஒன்ஸ்மோர் கேட்டது யாரு... கொடுத்தது யாரு?

பாஸ், ஒரு சின்ன டெஸ்ட். உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ். மேடையில் ஒரு டீம் பாடி முடிச்சிடுச்சு. கூட்டம் விசிலடிச்சு 'ஒன்ஸ்மோர்... ஒன்ஸ்மோர்...'னு கத்துது. பாடகர் சார் மைக்கை விடாம பிடிச்சுக்கிட்டு, "உங்களுக்காக... இன்னும் ஒரே ஒரு பாட்டு!"ங்கிறார். கைதட்டல் காதைப் பிளக்குது. அந்த அஞ்சு நிமிஷம் யார் அக்கவுன்ட்ல இருந்து போகுதுன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? மேடைக்குப் பின்னாடி இருட்டுல, ஸ்டிக்கைத் தொடையில தட்டித் தட்டி ரெடியாகிட்டு இருக்கானே அடுத்த டீம் டிரம்மர்... அவன் அக்கவுன்ட்ல இருந்துதான்!

ஒரே மேடையை ரெண்டு மூணு குழு பகிர்ந்துக்கிட்டா நடக்கிற அட்டூழியங்களுக்குத் தனி சட்டப் புத்தகமே போடலாம். சவுண்ட் செக் பண்ணி வெச்ச மிக்ஸர்ல போறபோக்குல நாலு குமிழைத் திருகி விட்டுட்டுப் போறது. அடுத்த டீம் பாடப்போற ஹிட் பாட்டை எப்படியோ மோப்பம் பிடிச்சு முன்னாடியே பாடிடுறது. 'அடுத்து நம்ம சின்னப் பசங்க ஏதோ ட்ரை பண்றாங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க'ன்னு நக்கலா அறிமுகம் கொடுக்கிறது. தன் டர்ன் முடிஞ்சதும் மேடை நடுவுல ஒயரைச் சுருட்டிக்கிட்டு உக்காந்து ஸ்டேஜையே மார்க்கெட் ஆக்குறது. இதெல்லாம் எரிச்சல்தான், மறுக்கல. ஆனா என்னைக் கேட்டா இதெல்லாம் சில்லறைக் கேஸு. பெரிய கேஸ், சிரிச்ச முகத்தோட, கைதட்டலோட நடக்கிற அந்த 'இன்னும் ஒரே ஒரு பாட்டு'தான். ஏன்னு சொல்றேன்.

தேனியில வருசநாடு பஸ் ஏறினா, கண்டமனூர் தாண்டி வர்ற ஊர் கடமலைக்குண்டு. மூல வைகை ஓடுற பள்ளத்தாக்கு. ஆத்துல தண்ணி இருக்கோ இல்லையோ, இலவ மரம் நிறைய இருக்கும். காய் வெடிக்கிற சீஸன்ல பஞ்சு பறந்து சட்டையெல்லாம் ஒட்டும். அங்கே இறங்கி, பக்கத்துல ஒரு ஊர்த் திருவிழாவுக்கு எங்க காலேஜ் பேண்டு போச்சு. (ஊர் பேர் வேணாம் பாஸ், எனக்கு அங்கே சொந்தக்காரங்க இருக்காங்க!) நாங்க நாலு பேர். நான் கீபோர்டு. சம்பளம் கிடையாது, பஸ் காசும் கறிச்சோறும்தான். ஆனா நிஜ மேடை, நிஜ கூட்டம். போதாதா?

அன்னிக்கு மொத்தம் மூணு குழு. ஏழு மணியில இருந்து எட்டரை வரைக்கும் வெளியூர் ஆர்கெஸ்ட்ரா. அப்புறம் அரை மணி நேரம் நாங்க. ஒன்பதுல இருந்து பத்து வரைக்கும் பக்கத்து ஊர்ப் பறைக் குழு. விழாக் கமிட்டி நோட்டீஸ்லயே இப்படித்தான் அச்சடிச்சிருந்தாங்க. வழக்கமா பறைக்காரங்களை சாமி ஊர்வலத்துக்கு முன்னாடி நடக்க விட்டுட்டு, மேடைனு வந்தா 'நீங்க கீழ நில்லுங்கப்பா'ன்னு ஓரங்கட்டுறதுதான் பல ஊர்ல பழக்கம். இந்த ஊர் இளவட்டங்கதான் கமிட்டிகிட்ட மல்லுக்கட்டி, 'இந்த வருஷம் அவங்களும் மேடையில, லைட்டுல ஆடணும்'னு வெத்தலை பாக்கோட அட்வான்ஸ் கொடுத்திருந்தாங்க. அந்தக் குழுவுக்கு அது முதல் மேடை. எட்டுப் பேர். ஒரே கலர்ல புதுச் சட்டை. தலைவர்னா அறுபதைத் தொட்ட ஒரு ஐயா.

ஆர்கெஸ்ட்ராவைச் சும்மா சொல்லக் கூடாது. பின்னிட்டாங்க! இளையராஜா பொறந்த பண்ணைப்புரம் இதே தேனி மாவட்டம். இந்தப் பக்கம் ராஜா பாட்டுல ஒரு பிட்டு தப்பினாலும் டீக்கடைப் பெருசு கண்டுபிடிச்சிடும். அந்த பயத்தோட வாசிச்சாங்க. எட்டரை ஆச்சு. கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது. ஒரு பாட்டு. மறுபடி ஒன்ஸ்மோர். இன்னொரு பாட்டு. நடுவுல 'எங்கள் குழுவை புக் செய்ய'ன்னு போன் நம்பரை மூணு தடவை சொன்னாங்க. மணி ஒன்பது. கமிட்டி ஆள் மேடை ஓரமா வாட்ச்சைக் காட்டினார். பாடகர் அவரையே மேடைக்கு இழுத்து சால்வை போட்டு, "அண்ணனுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு"ன்னு ஆரம்பிச்சிட்டார். டெக்னிக் எப்படி? அதுக்கப்புறம் அந்த அண்ணன் வாட்ச்சையே பார்க்கலை!

இங்கே ஒரு சட்ட மேட்டர். 2000-ம் வருஷம் மத்திய அரசு கொண்டு வந்த ஒலி மாசு விதிகள்படி, ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஆறு மணி வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. 2010-ல வந்த திருத்தத்துல இசைக் கருவிகளையும் சேர்த்துட்டாங்க. தென் மாவட்டத்துல ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மதுரை ஹைகோர்ட் கிளை வரைக்கும் போய் நிக்கிற ஊர்கள் எக்கச்சக்கம். இத்தனை மணிக்குள்ள முடிக்கணும், ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு, கட்சிப் பாட்டு கூடாதுன்னு கண்டிஷன் மேல கண்டிஷன் வரும். ஸ்டேஷன்லயும் எழுதிக் கொடுத்திருப்பாங்க. ஆக, மேடையோட முடிவு நேரம் ரப்பர் மாதிரி இழுபடாது. முன்னாடி இருக்கிறவர் எவ்வளவு இழுக்கிறாரோ, அவ்வளவும் கடைசியில நிக்கிறவர்கிட்ட இருந்துதான் அறுபடும்.

மேடைக்குப் பின்னாடி அந்த ஐயா குழு என்ன பண்ணிட்டு இருந்ததுங்கிறீங்க? பறையைக் காய்ச்சிட்டு இருந்தாங்க. பறைத் தோல் ஈரக்காத்துல தொய்ஞ்சு போகும். வைக்கோல், சருகு போட்டுத் தீ மூட்டி, வட்டமா நின்னு காட்டினாத்தான் தோல் இறுகி 'கணீர்'னு பேசும். அதிர்வெண் இழுவிசையோட வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம்னு நமக்கு ஃபிசிக்ஸ் புக்ல வரும். அவங்களுக்கு அது விரல் நுனியில. சுண்டிப் பார்த்தே 'இன்னும் கொஞ்சம்'ங்கிறாங்க. ஜாஸ்தி காட்டினா தோல் கிழிஞ்சிடும். எட்டே முக்காலுக்கு ஒரு தடவை காய்ச்சினாங்க. மேடை கிடைக்கலை. பனி இறங்கி மறுபடி தொய்ஞ்சிடுச்சு. ஒன்பதே காலுக்கு ரெண்டாவது தடவை. ஒன்பதரைக்கு மூணாவது தடவை. வைக்கோல் தீர்ந்து போய், குழுவுல ஒரு சின்னப் பையன் இருட்டுல சருகு பொறுக்கிட்டு இருந்தான்.

எங்க பேஸ் கிடாரிஸ்ட் கொஞ்சம் சூடான பார்ட்டி. "ஐயா, நீங்க எட்டுப் பேரும் ஒரு அடி போட்டா அவங்க ஸ்பீக்கரே கேக்காது. அடிங்கய்யா, பாத்துக்கலாம்"ன்னான்.

அந்த ஐயா சிரிச்சார். "அடிச்சா கேக்காதுதான் தம்பி. ஆனா ஒருத்தன் வாசிக்கையில இன்னொருத்தன் அடிக்கப்படாது. எங்கப்பன் சொல்லிக் குடுத்தது"ன்னார்.

எங்க நாலு பேருக்கும் பேச்சே வரலை. ஏதோ அவரே நாலு பேரை வெச்சு நடத்துற காலேஜ்ல நாங்க இப்பத்தான் அட்மிஷன் போட்ட மாதிரி இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு ஆர்கெஸ்ட்ரா இறங்கிச்சு. நாங்க கூடிப் பேசி, எங்க அரை மணியை விட்டுட்டோம். கீபோர்டை உறையில இருந்து எடுக்கவே இல்லை. பறைக் குழு ஏறினாங்க. அடவு பிடிச்சு, வேகம் கூடிக் கூடி, ஊரே எந்திரிச்சு நிக்கிற நேரத்துல... ரெண்டு போலீஸ்காரர் வந்து மைக்செட்காரர்கிட்ட கையைக் காட்டினார். பதினொரு நிமிஷம். நான் மொபைல்ல பார்த்தேன், சரியா பதினொரு நிமிஷம்.

கதை அதோட முடியலை. கமிட்டிக் கணக்குப்பிள்ளை ஐயாவைக் கூப்பிட்டு, "முழுசா ஆடலயேப்பா"ன்னு பேசின பணத்துல ரெண்டாயிரத்தைக் கழிச்சிட்டார்! இளவட்டங்க சண்டை போட்டு அதுல ஆயிரத்தை மீட்டாங்க. மீதி ஆயிரம் போனது போனதுதான். ஆர்கெஸ்ட்ரா வேன் அதுக்குள்ள கண்டமனூரைத் தாண்டியிருக்கும். அவங்களுக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. 'செம ஊருப்பா, மூணு ஒன்ஸ்மோர்'னு சந்தோஷமா தூங்கியிருப்பாங்க.

அதுதான் மேட்டர். திட்டினா திருப்பித் திட்டலாம், ஒயரைப் பிடுங்கினா சண்டை போடலாம். ஒன்ஸ்மோரை எதிர்த்து யார் என்ன பேச முடியும்? ரசிகர்களுக்கு எதிரி ஆகிடுவோம்ல? கூட்டம் கேக்கும். கேக்கிறது அவங்க உரிமை. அடுத்து யார் நிக்கிறாங்க, எத்தனை தடவை பறை காய்ச்சினாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. மேடையில இருக்கிறவனுக்குத் தெரியும்.

இது பட்டிக்காட்டுப் பிரச்னைன்னு நினைக்காதீங்க. தெய்வீக இசைனு நாம கும்பிடுற இடத்துலயும் இதே குடுமிப்பிடிதான். திருவையாறு தியாகராஜ ஆராதனை, போன நூற்றாண்டு ஆரம்பத்துல 'பெரிய கட்சி', 'சின்ன கட்சி'ன்னு ரெண்டா உடைஞ்சு கிடந்தது. சின்ன கட்சி ஆராதனைக்கு முன்னாடி தொடங்கி அன்னிக்கு முடிக்கும். பெரிய கட்சி அன்னிக்கு ஆரம்பிச்சு அடுத்த நாட்கள்ல நடத்தும். பெண்களுக்கு ரெண்டுலயும் பாட இடம் இல்லை. தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பின பெங்களூர் நாகரத்தினம்மாளே தனியா ஒரு பெண்கள் கோஷ்டி சேர்க்க வேண்டியிருந்தது. 1940-களின் தொடக்கத்துலதான் எல்லாம் ஒண்ணாச்சு. பஞ்சரத்னக் கீர்த்தனைகளை எல்லாரும் வரிசையா உக்காந்து ஒண்ணா பாடுற வழக்கம் அப்போ வந்ததுதான். அதுல யாரும் முன்னாடி இல்லை, யாரும் பின்னாடி இல்லை. ஒன்ஸ்மோரும் இல்லை!

வெளிநாட்டுலயும் இதே கூத்து நடந்திருக்கு. 1967-ல கலிஃபோர்னியா மான்டரே விழா. 'தி ஹூ' குழு, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ரெண்டு பேருமே இன்னொருத்தருக்குப் பின்னாடி ஏற மாட்டேன்னு அடம். கடைசியில காசு சுண்டிப் பார்த்தாங்க. தி ஹூ ஜெயிச்சு முதல்ல ஏறி, முடிக்கும்போது கிடாரை அடிச்சு உடைச்சாங்க. ஹென்ட்ரிக்ஸ் பின்னாடி வந்து தன் கிடாருக்குத் தீயே வெச்சுட்டார். நம்ம ஊர்ல வாசிக்கிறதுக்குத் தீ, அங்கே வாசிச்சு முடிச்சதுக்குத் தீ! ஆனாலும் ஒண்ணு பாருங்க, சண்டையை மேடைக்குக் கீழேயே ஒரு நாணயத்துல முடிச்சிக்கிட்டாங்க. நம்ம கங்கை அமரனோட 'கரகாட்டக்காரன்' (1989) படத்துலயும் ரெண்டு கோஷ்டி ஒரே திருவிழாவுல மோதும். நாம வாழைப்பழத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டோம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளியில நடந்த 'லைவ் எய்ட்'. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட ஸ்டார் குழுக்கள் பலதும் ஒரே நாள்ல, ஒரே மேடையில. ஆளுக்குச் சுமாரா இருபது நிமிஷம்தான். உலகம் பூரா லைவ் டி.வி. ஓடுது. ஒருத்தர் இழுத்தா மொத்தமும் சரியும். என்ன பண்ணினாங்க தெரியுமா? மேடையில டிராஃபிக் சிக்னல் விளக்கு வெச்சாங்க! பச்சைனா பாடு, மஞ்சள்னா முடி, சிவப்புனா இறங்கு. குயீன் குழு அந்தச் சுமார் இருபது நிமிஷத்துலதான் இன்னிக்கு வரைக்கும் பேசப்படுற நிகழ்ச்சியைக் கொடுத்தாங்க. டைம் பத்தலைனு புலம்புற சிங்கர்ஸ் கவனிக்க.

காலேஜ் டீம் வெச்சிருக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லிடுறேன். டிரம் செட்டை ஒரு டீம் கொடுத்தா, ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மூணையும் நீங்களே கொண்டு போங்க. சீக்கிரம் தேயுறதும் உடையுறதும் அதுகதான். கேட்காம அடுத்தவன் ரிதம் பேடுல கை வைக்காதீங்க, அதுல அவன் ராத்திரி முழிச்சு செட் பண்ணின டோன் இருக்கும். பாட்டு லிஸ்ட்டை ஒரு நாள் முன்னாடியே வாட்ஸ்அப்ல மாத்திக்கிட்டா, ஒரே பாட்டை மூணு டீம் பாடுற கொடுமை மிச்சம். முக்கியமா, உங்க டர்ன் முடிஞ்சதும் கேங்கோட கேன்டீனுக்குக் கிளம்பிடாதீங்க. உங்க ஃப்ரெண்ட்ஸ் எந்திரிச்சா பாதி ஹால் காலி. காலி நாற்காலிக்கு வாசிச்சுப் பார்த்தவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அடுத்த மாசம் எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ். மொத்தம் ஆறு டீம். நானும் பேஸ் கிடாரிஸ்டும் லேப்ல உக்காந்து ஒரு பெட்டி செஞ்சிட்டு இருக்கோம். ஒரு ஆர்டுயினோ போர்டு, மூணு எல்.ஈ.டி., ஒரு ரிலே. பச்சை எரியும், கடைசி மூணு நிமிஷம் மஞ்சள், அப்புறம் சிவப்பு. சிவப்பு எரிஞ்ச முப்பதாவது செகண்ட்ல மைக் லைன் தானா கட்டாகும். டெஸ்ட் பண்ணியாச்சு, ஜம்முனு வேலை செய்யுது.

கோ-ஆர்டினேட்டர் சார் லிஸ்ட் ஒட்டிட்டார். முதல் டீம் நாங்கதான்!